மூன்றாம் வகுப்பு வரைந்த தெரு

வாய்க்கால்பாலத் தெருவை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வரைந்து முடித்தார்கள். சனிக்கிழமை விடிந்தபோது தெரு அவர்கள் வரைந்தபடியே இருந்தது. பால் ஊற்ற வந்தவர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, ஊதா நிறத்தில் நின்ற டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மின்வாரியத்தில் புது வர்ணம் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மணியடித்தபடி உள்ளே போனார். அம்மன் கோயில் கோபுரத்தைவிட உயரமாக எழும்பி நின்ற ரத்தினசாமி அண்ணாச்சியின் மிட்டாய்க்கடையையும், அதன் வாசலில் மினிபஸ் உயரத்துக்குப் படுத்துத் தூங்கிய டைகர் என்கிற நாயையும் தாண்டித்தான் அவர் போகவேண்டியிருந்தது. பாலில் தண்ணீர் கூடிப்போன நாளில் எந்த நாயும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும் என்று அவர் பின்னால் சொன்னார்.

சண்முகவடிவு டீச்சருக்கு இதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. பாடப்புத்தகத்தில் தெருவைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதில் தபால்காரரும் காவலரும் மருத்துவரும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு தெருவை யாரும் பார்த்ததில்லை என்பதால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதனால் அவள் சார்ட் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் தரையில் விரித்து, கிரையான் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டி, புத்தகத்தையும் பார்க்க வேண்டாம், பக்கத்துப் பிள்ளையையும் பார்க்க வேண்டாம், நம் தெருவில் உங்களுக்குத் தெரிந்தது எதுவோ அதை மட்டும் வரையுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வகுப்பு மொத்தமும் தாளைச் சுற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டது. அதன்பிறகு அங்கேயிருந்து சத்தமே வரவில்லை. தலைமையாசிரியர் பாக்கியநாதன் சார், தன்னைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் சத்துணவு சமையலறையில் காய்ச்சிய மைதா பசையைத் தடவி அதைச் சுவரில் ஒட்டினார்கள், ஒட்டியது காய்ந்தது, அது காய்ந்து இறுகிய இரவில் தெருவும் தன்னை மாற்றிக்கொண்டது.

பிள்ளைகளுக்குத் தெரிந்த தெரு வேறு மாதிரி இருந்தது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தூரமாகவும் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு பக்கமாகவும் இருந்தது. ஊசி போடுகிற நர்ஸம்மாவின் சுகாதார நிலையத்தை ஒரு பிள்ளையும் வரையவில்லை, ஆகவே அது இல்லை. ட்யூஷன் மாஸ்டர் கோமதிநாயகத்தின் வீட்டை யாரோ தாளுக்கு வெளியே சிமென்ட் தரையில் வரைந்துவிட்டிருந்தார்கள். அது குளத்துக்கு அந்தப்புறம், முள்ளடர்ந்த சர்க்கார் உடைமரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. ரேஷன் கடை திறந்திருந்து எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை என்பதால் அதன் பூட்டை மட்டும் வரைந்திருந்தார்கள். கடை இருந்த இடத்தில், நெஞ்சுயரத்தில், ஒரு பெரிய பூட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சூரியன் தாளின் வலது மேல்மூலையில் கால்வாசி தெரிந்தது. மனிதர்களை வரைவது கஷ்டம், கை விரல்கள் சரியாக வருவதில்லை; ஆகவே யாரையும் வரையவில்லை, டீச்சரைத் தவிர.

பத்து மணிக்குள் தெரு தன் புது உடம்புக்குப் பழகிவிட்டது. சூரியன் மூலையிலிருந்து நகரப்போவதில்லை என்று தெரிந்ததும் பெண்கள் மிளகாய் வற்றலையும் வடகத்தையும் எடுத்துக்கொண்டு அந்த மூலையிலிருந்த மாடிக்குப் போய் இடம் பிடித்தார்கள். அந்த வீட்டுக்காரி, அதுவரை யாரோடும் பேசாதவள், முறத்துக்கு ஒரு கைப்பிடி வடகம் என்று பேசி முடித்தாள். கடைக்குப் போகிறவர்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் ஆட்டோவில் போய், அங்கேயிருந்து திரும்பி நடந்தால் எந்த இடமும் பக்கம் என்று கண்டுபிடித்தார்கள். மினிபஸ் டிரைவர் டைகர் எழுந்து சோம்பல் முறிக்கும்வரை என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் பழகினார். ரத்தினசாமி அண்ணாச்சி தேன்மிட்டாய் பாட்டிலை எடுக்க ஏணியில் ஏறவேண்டியிருந்தது. மூட்டுவலி, மூட்டுவலி என்று எல்லோரிடமும் சொன்னாலும், கோபுரத்தைக் குனிந்து பார்த்துக் கும்பிடுகிற வாய்ப்பு வேறு எந்த வியாபாரிக்குக் கிடைக்கும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. நியாயமாகப் பார்த்தால் பெரிய சங்கடம் இரண்டு பேருக்குத்தான். ஒருவர் ட்யூஷன் மாஸ்டர். இன்னொருத்தி சண்முகவடிவு.

அவளுடைய வீடு தெருவின் மேற்குக் கடைசியில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்தது. அவள் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் வாடகை வீட்டில்தான் இருந்தாள். எல்லா ஊரிலும் வீட்டுக்காரரின் பிள்ளை அவள் வகுப்பில்தான் படிக்கும், எல்லா ஊரிலும் வீட்டுக்காரம்மா ராத்திரி கதவைத் தட்டி, டீச்சர், இவன் ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கிறான், கொஞ்சம் தள்ளிவிடுங்கள் என்பாள். போன தையில்தான் சொந்த வீட்டில் பால் காய்ச்சினார்கள். சாயங்காலம் வந்ததும் அவள் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போடுவாள். அந்தத் தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தோடு டீச்சர் வெளியே நின்றுவிடுவாள், உள்ளே வருகிறவள் வேறு ஒருத்தி. அவள் புளியைக் கல்லுப்பு தொட்டுத் தின்பாள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தரையில் படுத்து உறங்குவாள். புருஷனோடு காரணமில்லாமல் சண்டை போடுவாள். அவர் அவளை 'வடிவு' என்று கூப்பிடுவார். அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் மிச்சமில்லை.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அவர்கள் விளையாட்டில் மும்முரமான பிறகுதான் திரும்புவாள். பாலத்தை ஒட்டியிருந்தது எப்போதும் பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு, அதன் பின்னால் கொய்யா மரம், அவ்வளவுதான். வீட்டை விட்டுவிட்டு மரத்தை வரைந்தார்கள். டீச்சர் எங்கே இருப்பாள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காலையில் போனால் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், சாயங்காலம் விட்டு வரும்போதும் அங்கேதான் இருக்கிறாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமை காலை சண்முகவடிவு கண் விழித்தது மூன்றாம் வகுப்பில். கட்டில் பெஞ்சுகளுக்கு நடுவே கிடந்தது. பீரோ எழுத்து அட்டைகளை மறைத்துக்கொண்டு நின்றது. காஸ் அடுப்பு கரும்பலகைக்குக் கீழே இருந்தது. அவளுடைய புருஷன் இசக்கியப்பன், டவுன் பஸ் கண்டக்டர், வரையப்படவே இல்லை. கட்டிலோடு சேர்ந்து வந்துவிட்டவர்.

"வடிவு," என்றார் அவர், படுத்தபடியே. "நம்ம வீட்ல கரும்பலகை உண்டா?"

"இல்ல."

"அப்பம் சரி. நான் கனாக் கண்டுக்கிட்டுக் கெடக்கேன்," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சுவரில் சார்ட் தாள் இருந்தது. அதில் பள்ளிக்கூடத்தின் ஜன்னலில் அவள் நின்றாள். சீப்பு மாதிரி விரல்கள், தோசைக்கல் அளவுக்குப் பொட்டு, கையில் பிரம்பு. இத்தனை வருஷத்தில் அவள் பிரம்பைத் தொட்டதே கிடையாது. வீடு போனதைவிட முதலில் அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

தாளைக் கிழித்துவிடலாமே என்று அவள் கேட்டபோது பாக்கியநாதன் சார் பதறிப்போனார். தாளில் கிழிசல் விழுந்தால் தெருவில் யார் வீட்டில் விழும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதைவிட, ஆசிரியர் ஒருவர் பள்ளி வளாகத்திலேயே தங்குவது என்பது அந்த ஒன்றியத்திலேயே யாருக்கும் கிடைக்காத வசதி. அவர் அன்றைக்கே பள்ளிக்கூடச் சாவி, தண்ணீர்த் தொட்டி மோட்டார், காலை உணவுக் கணக்கு எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக மீன் வாங்கப் போனார். பார்வையிட வந்த கல்வி அலுவலர் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து பார்த்து, செயல்பாடு நன்று, அளவுகோல் பின்பற்றப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் விடவில்லை. அளவுகோலும் பென்சிலும் வைத்துத் தாளில் பாலத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டைத் தானே வரைந்தாள். ஜன்னல் கம்பிகூட விடாமல் வரைந்தாள். மறுநாள் அங்கே கொய்யா மரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பெரியவர்கள் வரைந்தது பென்சில் கோடாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. அடுத்ததாகக் கரும்பலகையில் வீட்டை வரைந்து பிள்ளைகளை அப்படியே பார்த்து வரையச் சொன்னாள். பிள்ளைகள் பிசகாமல் வரைந்தார்கள். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிய எதுவும் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் முளைத்ததில்லை.

இதற்குள் ஊர் அவளை அங்கேயே வைத்துப் பழகிவிட்டது. காக்கை எழும்பும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், நீங்கதான் இங்கனயே இருக்கியளே என்றார்கள். ராத்திரிச் சாப்பாட்டை முரண்டு பிடிக்கிற பிள்ளையைத் தட்டோடு தூக்கிவந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, சாப்பிடுதியா, டீச்சர்ட்ட சொல்லவா என்று ஊட்டினார்கள். அவள் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தால் ஜன்னலோரம் போகிறவர்கள் தயங்கி நின்று, டீச்சருக்கு மேலுக்குச் சரியில்லையா என்று விசாரித்தார்கள். அவள் புளியம்பழத்தை எடுத்து வாயில் வைத்த ஒருநாள், முதல் பெஞ்சுக்கு அடியிலிருந்து, மறந்துபோன டிபன் பாக்ஸைத் தேடி வந்த பிள்ளை ஒன்று எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அவள் புளியை அப்படியே விழுங்கினாள்.

இசக்கியப்பன்தான் எல்லோரையும்விட வேகமாக மாறினார். வகுப்பறையில் தொடர்ந்து குடியிருந்தால் எந்த மனிதருக்கும் அப்படித்தான் ஆகும். முதலில் அவள் உள்ளே வரும்போது கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அடுத்து, வெளியே போவதற்குமுன் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். அவள் சிரித்தாள், விளையாட்டு என்றே நினைத்தாள். ஒருநாள் சாயங்காலம் டிக்கெட் பையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, முகம் கழுவி வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், காப்பி இருக்கா?"

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்னது அவருக்குத் தெரியவும் இல்லை. அவள் காப்பியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கரும்பலகையை அழிப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தாள். பலகையில் எழுத்தே இல்லை.

வார்டு கவுன்சிலர் வேலாயுதபெருமாள் இப்படியே விடுகிற ஆளில்லை. அவர் வீடு மூன்று மாடி. பிள்ளைகள் அதை ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உள்ள கட்டமாக வரைந்திருந்தார்கள். குடும்பத்தோடு அந்தக் கட்டத்துக்குள் மடங்கிக் கிடந்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தெருவைப் புதிதாக வரைந்து தர வேண்டும் என்று பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்கெட்ச் பேனாவும் மாம்பழ ஜூஸும் கொடுத்து ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். விழாவுக்கு முந்தின வாரம் முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தெருவில் நடக்கவே முடியவில்லை. வாங்க தம்பி, உக்காருங்க பாப்பா என்று திரும்பிய பக்கமெல்லாம் நாற்காலி போட்டார்கள். ட்யூஷன் மாஸ்டர் குளத்துக்கு அந்தப்புறமிருந்து நடந்து வந்து, வீட்டுப்பாடத்தை இனிமேல் தானே செய்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அடிக்கிற தகப்பன்கள் அடிக்கவில்லை. ஒரு பையன் இதுதான் சமயம் என்று கத்தரிக்காயை வாழ்நாள் முழுவதற்குமாக ஒழித்துக்கட்டினான்.

சண்முகவடிவுக்குக் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் விழாவன்று காலை, வகுப்பிலேயே நன்றாக வரைகிற முப்புடாதியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, பாலத்துக்குப் பக்கத்தில் என் வீட்டையும் வரைந்துவிடு மக்கா என்றாள்.

முப்புடாதி பெஞ்சைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கரும்பலகைக்குக் கீழே கொதித்துக்கொண்டிருந்த ரசத்தைப் பார்த்தாள். டீச்சர்களுக்கும் சில நேரம் புத்தி தடுமாறும் என்பதை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"டீச்சர்," என்றாள், மெதுவாக. "உங்க வீடு இதுதான?"

பந்தலில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். முன்னால் கவுன்சிலர், பக்கத்தில் தலைமையாசிரியர், சுற்றிலும் பெற்றோர், யார் வீட்டை எப்படி வரைய வேண்டும் என்று பின்னாலிருந்து கிசுகிசுக்கிற சொந்தபந்தம். கவுன்சிலர் மைக்கில், தம்பி தங்கைகளே, நல்லா வரையணும், எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காவ என்றார்.

அந்த வார்த்தைதான் கெடுத்தது. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நல்லா வரையணும் என்று சொல்லப்படும்போது, இந்த ஊர்ப் பிள்ளைகளின் கை ஒன்றே ஒன்றைத்தான் வரையும். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. எல்லாத் தாளிலும் முக்கோணமாக இரண்டு மலைகள் எழுந்தன. மலைகளுக்கு நடுவே பாதிச் சூரியன். சூரியனுக்கு மேலே டிக் போட்டதுபோல் நாலைந்து பறவைகள். மலையிலிருந்து இறங்கி அகலமாகிக்கொண்டே வருகிற ஆறு. கரையில் ஓலைக் குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை. சண்முகவடிவு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றாம் வகுப்பில் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

கவுன்சிலருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் பந்தல் போட்டாயிற்று, கைதட்டியும் விட்டார்கள். அவர் ஒரு தாளை எடுத்து, முதல் பரிசு என்று அறிவித்து, கொண்டுபோய்ப் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டவைத்தார். மறுநாள் காலை தெருவின் கிழக்கு முனையில் இரண்டு மலைகள் நின்றன.

டைகரை ஏற்றுக்கொண்டதைவிடச் சுலபமாக ஊர் மலையை ஏற்றுக்கொண்டது. மாடி மூலையிலிருந்த சூரியன் மலை இடுக்குக்கு மாறிவிட்டதால் வற்றல் போடுகிறவர்கள் முறத்தோடு கிழக்கே நகர்ந்தார்கள். மாடி வீட்டுக்காரி மறுபடி பேச்சை நிறுத்தினாள். ஆற்றில் கால் வைத்தால் நனையவில்லை, ஆனால் பாதம் நீலமானது. தென்காசிப் பக்கமிருந்தெல்லாம் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். தெருவுக்கு மலை கொண்டுவந்தவர் என்று கவுன்சிலர் தன் படத்தைப் போட்டு பேனர் கட்டிக்கொண்டார். முதுகு வலியைப் பற்றி அதன்பிறகு அவர் பேசவில்லை.

சண்முகவடிவும் இசக்கியப்பனும் ஒருநாள் குடிசையைப் போய்ப் பார்த்தார்கள். குடிசையாவது கிடைத்தால் போதும் என்கிற நிலைமைக்கு அவள் வந்திருந்தாள். கதவு பழுப்பு நிறத்தில் செவ்வகமாக இருந்தது. இசக்கியப்பன் தள்ளினார், திறக்கவில்லை. பின்பக்கம் சுற்றிப் பார்க்கலாம் என்று போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"பின்பக்கம் இல்ல, டீச்சர்," என்றார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி வகுப்பில் அவளால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவும் பிடிக்காமல் தரையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். டீச்சருக்குக் கால் இவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. அவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், நீங்க ஏன் சடவா இருக்கிய?" என்று முப்புடாதி கேட்டாள்.

"வீட்டுக்குப் போகணும் போல இருக்கு மக்கா."

"வீட்ல என்ன செய்விய?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாடம் நடத்துகிற குரல் அவளிடம் மிச்சமில்லை. புளி தின்பதைச் சொன்னாள், கல்லுப்பில் தொட்டு, பல் கூசும்வரைக்கும். பல்லி என்றால் பயம், பல்லி இருக்கிற அறைக்குள் போகமாட்டேன் என்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறுந்தரையில் படுத்து எச்சில் ஒழுகத் தூங்குவதைச் சொன்னாள். அரிசி களையும்போது பாட்டுப் பாடுவேன், ராகம் சரியாக வராது, அடுத்த வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள் என்று சொன்னாள். பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க அழுவியளா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வெங்காயம் உரிக்கும்போது அழுவேன். சும்மாவும் அழுவேன்."

"அடி வாங்கிருக்கியளா?"

"எங்க அம்மைகிட்ட நல்லா வாங்கியிருக்கேன். ஆட்டுக்குட்டியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சதுக்கு."

"உங்களுக்குப் பேர் உண்டுமா?"

"வடிவு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்தது. வழக்கமாக மணி அடித்ததும் ஓடுகிற வகுப்பு அன்றைக்கு உட்கார்ந்தே இருந்தது. முப்புடாதி எழுந்து போய், பாக்கியநாதன் சார் கிழித்துப்போட்டிருந்த பெரிய காலண்டர் தாளைக் கொண்டுவந்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி விரித்தாள். யாரும் அவர்களை வரையச் சொல்லவில்லை. யாரும் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. சண்முகவடிவு சுவரில் சாய்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டிருந்தாள். வரைந்து முடித்து, மைதா பசை இல்லாததால் மத்தியானச் சோற்றில் மிஞ்சிய பருக்கைகளை நசுக்கி ஒட்டிவிட்டு, சத்தமில்லாமல் போனார்கள்.

சனிக்கிழமை காலை அவளை எழுப்பியது வாய்க்கால் தண்ணீரின் சத்தம். தலைக்கு மேலே தன் வீட்டு ஓடு தெரிந்தது. முழுக்கத் தன் வீடு என்று சொல்ல முடியாது. கேள்விப்பட்டதை வைத்துக் கட்டிய வீடு. கூடத்தில் படுத்து உருளுவதற்கு ஒரு மைதானம் அளவுக்கு வெறுந்தரை இருந்தது. சமையலறைப் பரணிலிருந்து தரைவரைக்கும் புளி. சுவரில் பல்லி ஏறமுடியாதபடி எல்லாச் சுவரையும் வழுக்குகிற பச்சையில் தீட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு ஆட்டுக்குட்டி நின்று அவளைப் பார்த்தது. இசக்கியப்பன் அதற்கு முன்பே எழுந்து, கூடத்தின் அந்தக் கோடியில் சின்னதாகத் தெரிந்தார்.

"வடிவு!" என்று அங்கேயிருந்து சத்தம் போட்டார். "காப்பிப்பொடி எங்க வச்சிருக்க? எங்க பாத்தாலும் புளியால்லா இருக்கு!"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். பிறகு உட்கார்ந்து, அந்தக் காப்பிப்பொடியைக் காரணமாக வைத்து, மனசு ஆறும்வரை அவரோடு சண்டை போட்டாள். அவரும் வகுப்பில்போல் அனுமதிக்குக் கை உயர்த்தாமலே பதில் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தலையை விரித்துப்போட்டபடி பின்வாசலில் நின்றபோது கொய்யா மரத்தடியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். அவள் முந்தானையை இழுத்துச் சொருகினாள், முகத்தை டீச்சர் முகமாக மாற்றிக்கொண்டாள். பிள்ளைகள் யாரும் விறைத்து நிற்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை.

"வடிவக்கா," என்றாள் முப்புடாதி. "ரெண்டு காய் பறிச்சுக்கிடட்டா?"

"ஏட்டி, நான் யாருன்னு தெரியுதா?"

"வடிவக்கா. நாங்கதான உங்க வீட்ட வரஞ்சோம்."

"அப்பம் உங்க டீச்சர்?"

"டீச்சர் ஸ்கூல்ல இருக்காவ." முப்புடாதி இதைச் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "எங்க டீச்சர் புளியெல்லாம் திங்க மாட்டாவ. அழ மாட்டாவ. தரையில உறங்க மாட்டாவ. அன்னிக்கு உங்களப் பத்தித்தான் எங்ககிட்ட சொன்னாவ, பாவம், வடிவுன்னு ஒருத்தி வீடில்லாம இருக்கான்னு."

மற்றப் பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து யோசித்து எடுத்த முடிவு அது. அதில் ஓட்டை எதுவும் இல்லை. கைநிறையக் காய்களோடு போகும்போது முப்புடாதி மட்டும் திரும்பி வந்தாள்.

"வடிவக்கா, லீவு நாள்ல டீச்சருக்கு அங்கன தனியா பயமா இருக்காதா?"

"தெரியலையே," என்றாள் அவள். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

கொத்தமல்லி வாங்கும் சாக்கில் அவள் புறப்பட்டாள். தெரு வழக்கம்போல் இருந்தது. டைகர் வாலை மடக்கி வழிவிட்டது. ரத்தினசாமி அண்ணாச்சி ஏணியின் உச்சியிலிருந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இன்னும் தூரம்தான். கேட்டை அடையும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாம் வகுப்பில் விளக்கு எரிந்தது. கட்டில் இல்லை, பீரோ இல்லை, பெஞ்சுகள் ஒழுங்காக வரிசையில் கிடந்தன. ஜன்னலில் டீச்சர் நின்றாள். தோசைக்கல் பொட்டு, சீப்பு விரல்கள். முதுகில் ஒரு வளைவு இல்லை, முகத்தில் ஒரு சோர்வு இல்லை. பிரம்பால் கரும்பலகையைச் சுட்டிக்காட்டி, காலி பெஞ்சுகளுக்கு நாளைய பாடத்தை நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுகிற மாதிரி தெரியவில்லை. ஆட்களைப் பயமுறுத்துகிற மாதிரிதான் இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டு டீச்சர் திரும்பினாள். வெளியே நின்றவள், என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே விரித்த தலைமுடியை அவசரமாக முடிந்துகொண்டு, தெருவில் எந்தத் தாயும் செய்வதுபோலக் கைகூப்பினாள்.

"வணக்கம் டீச்சர்."

டீச்சர் அவளை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். கடைவாயில் ஒட்டியிருந்த புளியைக்கூட அவள் பார்த்திருக்க வேண்டும்.

"இருட்டப் போகுது," என்றாள் டீச்சர். "வீட்டுக்குப் போங்க."

ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்டுவிடுவாளோ என்கிற பயத்தில் திரும்பிப் பார்க்காமல், கொத்தமல்லியையும் மறந்து, பள்ளிக்கூடத்திலிருந்து மிகவும் பக்கத்தில் இருக்கிற தன் வீட்டுக்கு வடிவு வேகவேகமாக நடந்தாள்.